மா: ஓரெழுத்து, ஊர்ப்பட்ட பொருள்

‘மா’ என்ற ஒரே சொல்லைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே மூச்சில் பதில்.

தமிழில் ‘மா’வுக்கு எத்தனை பொருள்? எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்குச் சொல்கிறது நன்னூல். மெய் வரிசைகளில் ம வரிசைக்குத்தான் அதிக இடம்: மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு. இவற்றில் ‘மா’ ஒன்றே மரம், விலங்கு, பெரிய, கருமை, அரைத்த மாவு, திருமகள், பின்ன அளவு, நில அளவு என்று விரிகிறது. ஒரே வேர் இல்லை. வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து மோதியிருக்கின்றன. திருமகளைக் குறிக்கும் ‘மா’ வடமொழியிலிருந்து வந்தது. மாமரத்துக்கும் இட்லி மாவுக்கும் உறவு தேட வேண்டாம்; இலங்கைத் தமிழில் இன்றும் ‘அரிசி மா’, ‘கோதுமை மா’ என்றுதான் சொல்வார்கள், அவ்வளவே.

ஆனால் பட்டியலில் கடைசியாக வந்த பின்ன அளவும் நில அளவும் உண்மையிலேயே சொந்தக்காரர்கள். பழைய கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20; நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். நிலத்தில் இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆக, ‘ஒரு மா நிலம்’ என்றால் வேலியில் இருபதில் ஒரு பங்கு. பின்னத்தின் பெயரே நில அளவின் பெயராகவும் நின்றுவிட்டது.

பழந்தமிழில் மா என்றால் குதிரை. சீனத்திலும் குதிரை ‘மா’. இது தற்செயலாக இருக்க முடியுமா?

இருக்க முடியும், தற்செயல்தான். இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தமிழ்ப் பக்கம். குறள் 814இல் போர்க்களத்தில் காலை வாரிவிடும் பழக்கப்படாத குதிரையைக் ‘கல்லாமா’ என்கிறார் வள்ளுவர். சரி, அங்கே மா குதிரைதான். ஆனால் கைம்மா யானை, அரிமா சிங்கம். அதாவது மா என்பது விலங்குக்கான பொதுப்பெயர். எந்த விலங்கு என்பதை இடம்தான் சொல்லும்.

இனி சீனப் பக்கம். இன்றைய சீனத்தில் ‘மா’ என்று ஒலித்தாலும், அதன் பழைய வடிவத்தை ‘ம்ரா’ போல ரகரத்தோடுதான் அறிஞர்கள் மீட்டமைக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பர்மிய மொழியில் குதிரைக்கான சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ‘ம்ரங்’ என்று ரகரம் இன்னும் இருக்கிறது, வாயில்தான் மாறிவிட்டது. இரண்டு சொற்களும் உறவு என்றால், காலத்தில் பின்னே போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். இங்கே விலகிப் போகின்றன.

‘வருமா?’ என்கிறோம். சீனரும் கேள்வியை ‘மா’வில்தான் முடிக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பிரித்துப் பார்த்தால் போதும். வருமா = வரும் + ஆ. மகரம் வினையுடையது, கேள்வி ‘ஆ’வில் இருக்கிறது. அதனால்தான் ‘வந்தானா’, ‘அவளா’, ‘நேற்றா’ என்றும் கேட்க முடிகிறது. சீனத்தில் மகரமும் சேர்ந்ததுதான் கேள்விச் சொல். அது பழைய ‘இல்லை’ என்ற எதிர்மறையிலிருந்து வளர்ந்தது, ‘வருவாய், இல்லையா?’ என்று கேட்பதுபோல.

சீனத்தில் சுரம் மாறினால் பொருள் மாறும்: தாய், சணல், குதிரை, திட்டு என்று நாலு ‘மா’. ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்ற வாக்கியம் முழுக்கவே மா மா மா என்று போகும். மொழி வகுப்புகளில் புதியவர்களைப் படுத்த இதைச் சொல்லித் தருவார்கள்.

‘மேங்கோ’ நம் மாங்காய்தானே?

ஆமாம், ஆனால் நேராகப் போகவில்லை. மலையாள ‘மாங்ங’ போர்ச்சுக்கீசியரிடம் ‘மங்கா’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. மாங்ங, மாங்காய் இரண்டும் உடன்பிறப்புகள். இந்தியின் ‘ஆம்’ வேறு வழி: வடமொழி ‘ஆம்ர’. தாய்லாந்து மொழியில் மாம்பழம் ‘மமுவாங்’ என்பதைக் காட்டி ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம். அங்கே எலுமிச்சை ‘மனாவ்’, பப்பாளி ‘மலகோ’, தேங்காய் ‘மப்ராவ்’. முன்னால் நிற்கும் ‘ம’ காய்கனிப் பெயர்களில் ஒட்டும் முன்னொட்டு. ‘மாக்’ என்ற சொல் தேய்ந்து வந்தது.

அம்மாவுக்கு உலகமெங்கும் ‘மா’ வருகிறதே. ஒரு மூலமொழி இருந்ததற்கு இது சான்று இல்லையா?

சான்று ஆகாது. 1959இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: பால் குடிக்கும் குழந்தை வாய் அடைபட்ட நிலையில் மூக்கால் முனகும் ஒலி மகரத்தை ஒத்தது, பிறகு பாலையோ தாயையோ தேடும்போதும் அதே ஒலி வருகிறது, பெரியவர்கள் அதைப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். எந்த மொழியிலும் எப்போது வேண்டுமானாலும் இது புதிதாக நடக்கலாம்.

விதிவிலக்குகள்தான் சுவை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’. நமக்கோ மாமா தாயின் உடன்பிறந்தவர். வட அமெரிக்காவின் மோஹாக் மொழியில் உதடு மூடிப் பேசும் ம, ப ஒலிகளே இயல்பில் கிடையாது. அங்கே அம்மா ‘இஸ்தா’.

அப்படியென்றால் நிஜமான உறவு ஒன்றாவது உண்டா?

உண்டு. கீதையின் ‘மா சுசஹ’ (வருந்தாதே) என்பதில் வரும் ‘மா’ வேண்டாம் என்று தடுக்கும் சொல். பழைய கிரேக்கத்தில் அதே வேலையைச் செய்வது ‘மே’, ஆர்மீனியத்தில் ‘மி’. ஒலி அச்சாக ஒத்துப்போகவில்லை, பாருங்கள். ஆனால் வடமொழியில் ஆகாரம் வரும் இடத்தில் கிரேக்கத்தில் ஏகாரம், ஆர்மீனியத்தில் இகரம் என்ற மாற்றம் மற்ற சொற்களிலும் ஒழுங்காக வருகிறது. அந்த ஒழுங்குதான் ஆதாரம்.

மற்ற மொழிகளில் ‘மா’?

இத்தாலியத்தில் ‘ஆனால்’; ‘அதிகம்’ என்று பொருள்படும் லத்தீன் ‘மகிஸ்’ தேய்ந்து வந்தது அது. பிரெஞ்சில் ‘என்’, அதுவும் பெண்பாற் பெயருக்கு முன்னால் மட்டும். ஹங்கேரியனில் ‘இன்று’. பின்னிஷில் ‘நிலம்’. ஜப்பானியத்தில் ‘இடைவெளி’. அரபியில் ‘என்ன’ என்றும் ‘இல்லை’ என்றும் வரும். இறுதியில் குரல்வளையை ஒரு கணம் அடைத்துச் சொன்னால் ‘தண்ணீர்’.