எழுத உக்காரவே முடியல அண்ணாச்சி: கேள்வி பதில்

கொஞ்ச நாளா வந்த கேள்விய எல்லாம் சேத்து வச்சு இந்த ஞாயித்துக்கிழமை பதில் எழுதுதேன். எனக்கு தெரிஞ்ச வேலை மூணு. எழுத உக்காருறது, ஆரம்பிச்சத முடிக்கிறது, முடிச்சத திருத்துறது. நாகர்கோவில்ல அச்சகத்துல புரூஃப் பாத்த காலத்துல இருந்து இத தான் செய்யுதேன், இப்ப மாசம் ஒருதடவ புதுசா எழுதுற பிள்ளைங்களோட உக்காந்து அவங்க கதைய வாசிச்சு பேசுறதும் உண்டு. விருது, பதிப்பகம், சினிமா சான்ஸ் எல்லாம் கேட்டா ஒருவரி தான் வரும், கோவப்படப்பிடாது.

மார்த்தாண்டம், பி.எட். படிக்கிற தம்பி: 21 நாள் விடாம பண்ணினா பழக்கமாயிரும்னு வீடியோ பாத்து எழுத ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. ஒம்பது நாள் ஓடுச்சு, பத்தாவது நாள் சித்தி மகளுக்கு கல்யாணம், விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து ஆரம்பிச்சேன், அதுவும் போச்சு. எனக்கு இது வராதா?

மக்கா, அந்த 21 நாள் கணக்கு பழக்கத்துக்கு சொன்னதே கெடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்கால ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், ஆபரேஷன் ஆன ஆளுக்கு கண்ணாடில பாக்குற புது மூஞ்சி பழகுறதுக்கு குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுன்னு தான் பாத்தத 1960ல எழுதி வச்சாரு, பொறவு வந்தவங்க அந்த 'குறைஞ்சது'வ கழட்டி போட்டுட்டு எல்லாத்துக்கும் 21 நாள்னு விக்க ஆரம்பிச்சிட்டாங்க. லண்டன்ல பிலிப்பா லாலிங்கறவங்க குழு 96 பேர 12 வாரம் வச்சு பாத்து 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல நடுவாந்தரமா வந்த கணக்கு 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போகுது (12 வாரத்துக்கு மேல உள்ளது கணக்கு போட்டு நீட்டி பாத்தது). அவங்க பாத்ததும் சாப்பாட்டோட ஒரு பழம், தண்ணி குடிக்கிறது, கொஞ்சம் ஓடுறது இந்த மாதிரி காரியம் தான், கதை எழுதுறது இல்ல, அதனால உங்களுக்கு 66னு நான் எழுதி தரமாட்டேன். ஆனா அதுல ஒரு விசயம் உங்களுக்குன்னே இருக்கு: நடுவுல ஒருநாள் விட்டுப்போனா பழக்கம் உருவாகுறது பெருசா ஒண்ணும் கெடல.

அதனால கல்யாண சாப்பாட்ட நல்லா சாப்பிட்டுட்டு வந்து மறுநாள் பத்தாவது நாளா உக்காருங்க, ஒண்ணாம் நாளா உக்காராதீங்க. ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறதுல ஒரு சொகம் இருக்கு, புது நோட்டு, புது பேனா, புது டைட்டில். அந்த சொகத்துக்கு தான் நீங்க பழகிட்டு வாறீங்க.

நேரத்த கடிகாரத்துல குறிக்காதீங்க, ஏற்கனவே தினம் நடக்குற ஒரு வேலையோட வாலுல கட்டுங்க. காலேஜ் விட்டு வந்து சட்டை மாத்தின கையோட அரைமணி. எழுதி எந்திரிக்கும்போது அடுத்தது என்ன வரும்னு ஒரு வரி குறிச்சு வச்சிட்டு எந்திரிங்க, மறுநாள் வெறும் தாள மொறச்சு பாத்துட்டு இருக்க வேண்டாம். இன்னொண்ணு, 'நாவல் எழுதிட்டிருக்கேன்'னு ஸ்டேட்டஸ் போடாதீங்க. காரணம் கீழ வருது.

கருங்கல்: எழுத மூடே வரமாட்டேங்குது, என்ன செய்ய?

மூடு இல்லாமலே உக்காருங்க. பாதி நாள் பத்து நிமிசம் கழிச்சு வரும், மீதி நாள் வராது. ரெண்டு நாளும் எழுதினத அடுத்த மாசம் எடுத்து வாசிச்சா எது எந்த நாள்னு உங்களுக்கே தெரியாது.

குளச்சல், வீட்டுல இருக்க ஒரு சகோதரி: ரெண்டு பிள்ளைங்க, மாமியாருக்கு முடியல, வீட்டுக்காரர் வெளிநாட்டுல. ராத்திரி பத்து மணிக்கு மேல தான் எனக்குன்னு நேரம், அப்ப கண்ணு சொக்கிரும். நோட்ட எடுத்தாலே 'என்னத்தட்டி எழுதுக'ன்னு கேக்காவ.

தங்கச்சி, பத்து மணிக்கு மேல எழுதணும்னு உங்களுக்கு சொன்னவன் வீட்டு வேலை செய்யாத ஆளா இருப்பான். அந்த நேரத்த தூக்கத்துக்கே விடுங்க. உங்களுக்கு நீளமா நேரம் கெடையாது, துண்டு துண்டா தான் உண்டு, அதுக்கு ஏத்த மாதிரி வேலைய நறுக்கணும். 1500 வார்த்தை சிறுகதைன்னு வைங்க, ஒரு தடவைக்கு 150 வார்த்தை, பத்து தடவை உக்காந்தா முடிஞ்சிரும். வாரம் ரெண்டு தடவை கெடச்சாலும் அஞ்சு வாரத்துல ஒரு கதை. 150 வார்த்தைங்கறது மீன்காரி வந்து கூப்புடுறா, ரெண்டு பேரும் விலை பேசுறீங்க, அவ ஒரு சொல்லு சொல்லிட்டு கூடைய தூக்கிட்டு போறா, அம்புட்டு தான். அந்த ஒரு துண்ட அரிசி வேகுற நேரத்துல மனசுல ரெண்டு தடவ ஓட்டி பாத்துட்டு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போன பொறவு எழுதுங்க. கை காலியா இல்லன்னா போன்ல வாயால சொன்னாலே தமிழ்ல டைப் ஆகும், தப்பு தப்பா தான் ஆகும், பொறவு திருத்திக்கலாம். குளச்சல் பேச்சு அதுக்கு சுத்தமா புரியாது, அது எழுதி வைக்கிறத பாத்து சிரிச்சுக்கலாம்.

வீட்டுல கேட்டா கணக்கு எழுதுதேன்னு சொல்லுங்க. நான் வெளையாட்டுக்கு சொல்லல. முடியாத கதைய யாருகிட்டயும் சொல்லாதீங்க, காட்டாதீங்க, நல்லாருக்குன்னு சொன்னாலும் ஆபத்து நல்லால்லன்னு சொன்னாலும் ஆபத்து.

தக்கலை: ஏன் அண்ணாச்சி எல்லாருக்கும் சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு சொல்லுதீங்க? நாலு பேருகிட்ட சொன்னா தான வெக்கத்துக்காவது எழுதுவோம்?

எல்லாரும் அப்படி தான் நினைப்போம். பீட்டர் கோல்விட்சர்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர், அவரு குழு 2009ல வெளியிட்ட ஆய்வுல சட்டம் படிக்கிற மாணவங்கள எல்லாம் வச்சு பாத்தாங்க. நல்ல வக்கீலா ஆகணும்னு மெனக்கெடுவேன்னு எழுதிக்கொடுத்தத இன்னொருத்தர் வாசிச்சு பாத்தார்னா, அந்த பிள்ளைங்க பொறவு கொடுத்த வேலைல கம்மியா தான் மெனக்கெட்டாங்க. வேற ஆளு தெரிஞ்சுகிட்ட உடனே பாதி வக்கீல் ஆயிட்ட மாதிரி மனசு திருப்தியாயிருது. எழுத்தாளன்னு நாலு பேரு கூப்பிட ஆரம்பிச்சா எழுதுறதுக்கு என்ன அவசரம்? 'இன்னைக்கு ஏழு மணிக்கு உக்காருவேன்'னு ஒரே ஒரு கூட்டாளிகிட்ட சொல்லுங்க, அது வேற. கதைய சொல்லாதீங்க.

குலசேகரம், ரப்பர் வெட்டுற ஒருத்தர்: காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எழுதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் அதுக்கு முன்னயே கத்தியும் லைட்டும் எடுத்துட்டு தோட்டத்துல நிக்கேன். நான் எப்பம் எழுத?

இந்த கேள்விக்காக தான் இன்னைக்கு உக்காந்தேன்னு வச்சுக்கோங்க. வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதனால வெட்டு விடியக்காலைல தான், அத மாத்த முடியாது. அந்த அஞ்சு மணி உபதேசம் எல்லாம் எட்டு மணி நேரம் ஏசில உக்காந்து வேலை பாக்குறவனுக்கு, அவனுக்கு உடம்பு தெம்பா இருக்க நேரம் அது.

உங்க நாள நானே போட்டு பாத்தேன். கடைசி மரம் வெட்டி முடிச்ச பொறவு சிரட்டைல பால் வடிஞ்சு நிக்க எப்படியும் ரெண்டு மூணு மணிநேரம் ஆகும்ல, அதுக்கு பொறவு தான பால் எடுக்க போவீங்க. அந்த இடைவெளில இப்ப என்ன செய்யுதீங்க? சாயா, பத்திரிகை, போன். அதுல முக்கால் மணிநேரம் எழுத்துக்கு. உடம்பு களைச்சிருக்கும் ஆனா மனசு முழிச்சு தான் இருக்கும், இருட்டுல தனியா மரம் மரமா நடந்து வந்தவனுக்கு அந்நேரம் தலைக்குள்ள ஆள் நடமாட்டம் கொறவு, எழுத அத விட நல்ல நேரம் பட்டணத்துக்காரனுக்கு கெடைக்காது. பால் எடுத்து, ஆசிட் ஊத்தி ஒறைய வச்சு, ஷீட் அடிச்ச பொறவு எழுதலாம்னு மட்டும் தள்ளாதீங்க, அதுக்கு பொறவு படுக்க தான் தோணும்.

ஒரு விசயம் முன்கூட்டியே யோசிச்சுக்கோங்க. நம்ம மாவட்டத்துக்கு மழை ரெண்டு. ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, மழைத்தண்ணி வெட்டுல எறங்காம பிளாஸ்டிக் கட்டாத மரத்துல அப்ப வெட்டு கெடையாது. ஜனவரி பிப்ரவரில இலை உதிரும்போதும் வெட்ட நிறுத்துவாங்க. வேலை இல்லாத நாள்ல நெறைய எழுதலாம்னு தோணும், நடக்காது, ஏன்னா எந்த வேலையோட வாலுல எழுத்த கட்டினீங்களோ அந்த வேலையே அன்னைக்கு இல்ல. அப்பவும் தோட்டத்துக்கு போற நேரத்துக்கே எந்திரிச்சு, தோட்டத்துல எழுத உக்காருற அதே ஷெட்டுல போய் உக்காருங்க.

நாகர்கோவில், ஒரு தீவிர வாசகர்: மன்னிக்கணும், நீங்க இலக்கியத்த ஃபேக்டரி ஆக்குதீங்க. 150 வார்த்தை, அரைமணி, அஞ்சு வாரம்! நம்ம ஊர் சுந்தர ராமசாமி முதல் நாவல் 1966ல, அடுத்தது 1981ல. 15 வருஷம். அவரு டெய்லி டார்கெட் வச்சா எழுதினாரு?

வந்துட்டீங்களா, வாங்க. அந்த 15 வருஷம் ரெண்டு நாவலுக்கு நடுவுல உள்ள கணக்கு, அவரு அம்புட்டு வருஷமும் சும்மா இருந்த கணக்கு இல்ல. நடுவுல சிறுகதை வந்துச்சு, பசுவய்யாங்கற பேர்ல கவிதை வந்துச்சு, அது போக ஜவுளிக்கடையும் பாத்தாரு. அதே நாகர்கோவில்ல இருந்துட்டு தான் ஜெயமோகன் 2014 ஜனவரி ஒண்ணாந்தேதில இருந்து 2020 வரைக்கும் நாளுக்கு ஒரு அத்தியாயம்னு 26 நாவல் எழுதி முடிச்சாரு. ஒரே ஊருல ரெண்டு மாதிரியும் நடந்திருக்கு, நீங்க ஒண்ண மட்டும் எடுத்துட்டு வாறீங்க.

அதே வாசகர்: தினமும் எழுதினா தரம் இருக்குமா?

தினமும் எழுதாதவன் எழுத்துல தரம் இருக்கான்னு நான் திருப்பி கேக்கலாம், நமக்கு பொழுது தான் போகும். ட்ரோலப்னு ஒரு இங்கிலீஷ் நாவலாசிரியர், தபால் இலாகா உத்தியோகம், காலைல அஞ்சரைக்கு உக்காந்து வாட்ச முன்னால வச்சு கால்மணிக்கு 250 வார்த்தைனு எழுதி 47 நாவல் முடிச்சாரு. அந்த கணக்க தன் வரலாறுல சொன்னதுக்கே விமர்சகருங்க முகம் சுளிச்சாங்க. அப்ப முகம் சுளிச்சவங்க வம்சத்துல நீங்க வாறீங்க.

தோவாளை: நடுவுல வாறதுக்கு மன்னிக்கணும். நாங்க பூக்காரங்க. பிச்சிக்கு விலை இல்லன்னு பறிக்காம விட்டா மொட்டு விரிஞ்சு வீணா தான் போகும், விலை இருந்தாலும் இல்லன்னாலும் விடியுமுன்ன பறிச்சு தான் ஆகணும். எழுத்தும் அப்படி தான்னு தோணுது.

நாகர்கோவில் வாசகர்: செடி தினமும் பூக்கும். மனுசன் தினமும் பூப்பானா?

தோவாளை: செடியும் தினம் ஒரே மாதிரி பூக்காது சார். மார்கழில வந்து பாருங்க, பனில ஒண்ணும் இருக்காது. அப்பவும் தோட்டத்துக்கு போய் பாத்துட்டு தான் வருவோம்.

தோவாளைக்காரர் சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. வாசகர் சொல்லுறதுலயும் ஒரு நியாயம் உண்டு, அத மறைக்க வேண்டாம்: பத்து நாவல் எழுதி முடிச்சவன் நிறுத்தி யோசிக்கலாம், அவனுக்கு அது தேவை. இன்னும் ஒரு கதை முடிக்காத பையன் 'நான் உள்ளுக்குள்ள ஊறப்போட்டுட்டு இருக்கேன்'னு சொல்லும்போது தான் எனக்கு எரிச்சல் வருது. இங்க கேள்வி கேட்ட அத்தன பேரும் ரெண்டாவது வகை. சார், மேற்கொண்டு சண்டை போடணும்னா நேர்ல வாங்க.

ஆரல்வாய்மொழி: மோட்டிவேஷன் போயிட்டா திரும்ப கொண்டுவர ஒரு டிப்ஸ்?

மூடு கேள்வியோட அண்ணன் தம்பி இது. மேல பாருங்க.

சுசீந்திரம், தனியார் கம்பெனில வேலை: வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன். கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு.

விடாதீங்க. தேங்காப்பட்டணத்துல பொறந்த தோப்பில் முஹம்மது மீரான் மிளகாவத்தல் யாவாரம் பண்ணிட்டே எழுதினவரு, 1997ல சாகித்ய அகாதமி வாங்கினாரு. நாஞ்சில் நாடன் பம்பாய் கம்பெனிக்காக ஊர் ஊரா விற்பனைக்கு சுத்திட்டே எழுதினாரு. வேலை இருந்ததுனால எழுத முடியலன்னு அவங்க சொல்லிட்டு உக்காந்திருக்கல, அந்த யாவாரமும் அலைச்சலும் தான் கதைக்குள்ளயும் வந்துச்சு. வேலைய விட்ட நாலு பேர எனக்கு தெரியும், மூணு மாசம் தூங்கினாங்க, அடுத்த மூணு மாசம் பயந்தாங்க, பொறவு வேலை தேடினாங்க. ஒரு வருஷம் வேலையோட எழுதி பாருங்க, ஒரு நாவலோட முதல் பிரதி கையில வந்துட்டா அப்ப மறுபடி கேளுங்க, அப்பவும் விடாதீங்கன்னு தான் சொல்லுவேன். ஆபீஸ்லயும் சொல்லிராதீங்க, எழுதுறேன்னு.

கன்னியாகுமரி, காலேஜ் மாணவி: நவம்பர் மாசம் 30 நாள்ல 50,000 வார்த்தை எழுதுற சவால் எடுக்கலாமா?

1999ல அமெரிக்கால ஆரம்பிச்ச சவால் அது, நடத்தின அமைப்பே 2025ல மூடிட்டாங்க. தனியா எடுக்கணும்னா எடுங்க, ஆனா 50,000ங்கறது இங்கிலீஷுக்கு போட்ட கணக்கு, நாளுக்கு 1,667 வருது. இங்கிலீஷ்ல நாலு வார்த்தைல சொல்லுறத நாம 'போகமாட்டேங்குது'ன்னு ஒண்ணா ஒட்டி முடிச்சிருவோம், அதனால தமிழ்ல 30,000 வந்தாலே ஏறக்குறைய அதே அளவு தான். பரீட்சை இருந்தா அதுவும் வேண்டாம், மாசம் முடியுறதுக்குள்ள ஒரு கதைய முழுசா முடிங்க.

இரணியல்: என் கதைக்கு லைக்கே வரல, எழுதவே வெறுப்பா இருக்கு. ஒவ்வொரு அத்தியாயமா போட்டுட்டு வாறேன்.

முடிக்காம போடாதீங்கன்னு இத்தோட எத்தன தடவ சொல்லியாச்சு! முழுசா எழுதி முடிச்சிட்டு போடுங்க, அப்ப லைக் வரலன்னாலும் கதையாவது உங்க கையில இருக்கும்.

கொல்லங்கோடு: மூடு வர பாட்டு கேக்கலாமா?

கேளுங்க.

திருவட்டார்: புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் வாங்க எவ்ளோ செலவாகும்?

புத்தகத்துக்கு தர்ற அந்த அடையாள நம்பர் நம்ம நாட்டுல இலவசம், மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி தருது. அதுக்கு காசு கேக்குறவர நம்பாதீங்க. மத்தத பதிப்பகத்துல வேலை பாக்குறவங்ககிட்ட கேளுங்க, என் ஏரியா இல்ல.

குலசேகரம், ரப்பர் வெட்டுறவர் மறுபடியும்: ஷெட்டுல கரண்டு கெடையாது, போன்ல சார்ஜும் நிக்காது. நோட்டுல எழுதினா போதுமா? கை எல்லாம் பாலா இருக்குமே.

நோட்டு போதும். சின்ன சைஸ் வேண்டாம், நூறு பக்க லாங் சைஸ் நோட்டு, பென்சில். கைய நல்லா கழுவி தொடச்சிட்டு எடுங்க, ரப்பர் பால் காஞ்சா தாள் ஒட்டிக்கிட்டு பிரிக்கும்போது கிழியும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, எதிர்பக்கம் திருத்துறதுக்கு. மழைக்காலத்துல நோட்ட ஷெட்டுல விட்டுட்டு வராதீங்க, கரையான் வந்துரும்.