அசிஃப் கபாடியாவின் ஆவணப்படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பெயர் நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது, பிரிட்டிஷ் இயக்குநர் என்கிறார்களே?

பதில்: இரண்டும் சரி. 1972-ல் லண்டன் ஹாக்னியில், இந்தியாவிலிருந்து குடியேறிய குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் கதைப்படம்தான் எடுத்தார். இர்ஃபான் கான் நடித்த 'த வாரியர்' (2001) படத்தை பிரிட்டன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பினார்கள், இந்தி பிரிட்டனின் மொழி இல்லை என்று அகாடமி ஏற்கவில்லை. அதே படத்துக்கு பிரிட்டனின் திரைப்பட விருது அமைப்பான பாஃப்டா, சிறந்த பிரிட்டிஷ் படம் என்று விருது கொடுத்தது! விதியை அப்புறம் தளர்த்தினார்கள், கனடா அனுப்பிய இந்திப் படமான 'வாட்டர்' 2007-ல் பரிந்துரைப் பட்டியல் வரை போனது.

கேள்வி: கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னாவைப் பற்றிய 'சென்னா' பார்த்தேன். பேசுகிறவர்கள் முகத்தை ஏன் காட்டவே இல்லை?

பதில்: அதுதான் அவர் பாணி. பேட்டியில் குரல் மட்டும், படம் முழுக்கப் பழைய காட்சிகள். தலை நரைத்த ஒருவர் சோபாவில் உட்கார்ந்து "அன்றைக்கு என்ன நடந்ததென்றால்" என்று ஆரம்பித்தாலே நாம் இன்றைக்குத் திரும்பிவிடுவோம், முகம் இல்லாவிட்டால் அந்தக் காலத்திலேயே இருப்போம். 1994 மே 1, அவர் விபத்தில் இறந்த நாள், இத்தாலியின் இமோலாவில் பந்தயத்துக்கு முன் ஹெல்மெட் போடாமல் காரில் உட்கார்ந்து சென்னா வெறித்துப் பார்க்கிறார், பாருங்கள், முடிவு தெரிந்திருந்தும் எனக்கு "இறங்கிவிடப்பா" என்று கத்தத் தோன்றியது.

கேள்வி: எங்கள் தெருவைப் பற்றிப் படம் எடுக்க ஆசை. இவரிடம் எதைக் கற்கலாம்?

பதில்: பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பற்றிய 'ஏமி' (2015) படத்துக்கு நூறு பேருக்கு மேல் பேசவைத்தார், மங்கலான அறையில் மைக் மட்டும் வைத்து. நான் இதைச் சோதித்துப் பார்த்தேன். கேமரா முன்னால் என் பெரியப்பா வேட்டியைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார், மேடைத் தமிழில் பொழிந்தார். கேமராவை மூடிவிட்டுப் போனில் குரலை மட்டும் பதிந்தபோது, கடன்காரனுக்குப் பயந்து பரணில் ஒளிந்த கதை வந்தது.

கேள்வி: ஏமி வைன்ஹவுஸின் அப்பா அந்தப் படத்தை எதிர்த்தாரே?

பதில்: ஆமாம். போதை மறுவாழ்வு மையம் மகளுக்குத் தேவையில்லை என்று அவர் சொல்வது படத்தில் வருகிறது, "அந்தச் சமயத்தில்" என்று தான் சேர்த்துச் சொன்னதை வெட்டிவிட்டதாகப் புகார் சொன்னார். 2016-ல் ஆஸ்கர் வாங்கிய படம்தான், எனக்கும் பிடிக்கும், ஆனாலும் இந்தப் பாணியில் இது ஒரு ஆபத்து: முகம் இல்லாத குரலை எங்கே வெட்டினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: 'சென்னா'. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து 'டியேகோ மரடோனா' (2019), இத்தாலியின் நேப்பிள்ஸில் அவர் கால்பந்து ஆடிய காலம்தான் அதன் உயிர். எதிர்கால உலகைக் கற்பனை செய்யும் '2073' எனக்கு ஒட்டவில்லை.