தண்ணீர் தையலால்தான் வரும்: மழைக்கோட்டு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: பாசையூரில் இருந்து களப்பில் நண்டு வலை போடுகிறேன். போன மாரிக்கு ‘வோட்டர்புரூஃப்’ என்று போட்டிருந்த ஜக்கெற் ஒன்று வாங்கினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் தோளும் கையும் ஊறிவிட்டன. துணியில் கிழிசல் ஒன்றும் இல்லை. இந்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் கோட்டில் ஒழுகியது தையல். ஊசி போன இடமெல்லாம் துவாரம். ஒரு சென்ரிமீற்றர் தையலில் மூன்று நான்கு இருக்கும். அந்தத் துவாரங்களை உள்பக்கத்தில் இருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமான ரேப்பைச் சூட்டில் ஒட்டி மூடவேண்டும். மலிவான கோட்டுகளில் தோளுக்கு மட்டும் ரேப் ஓடும். கக்கம், கழுத்துப்பட்டி, பொக்கற் எல்லாம் வெறும் தையலாகவே இருக்கும்.

கடையில் கோட்டை முதலில் உள்பக்கம் வெளியே வரப் புரட்டுங்கள். ரேப் எல்லாத் தையலிலும் ஓடுகிறதா, தோளும் கக்கமும் சந்திக்கிற இடத்தில் சுருங்காமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பினால் எழும்பக்கூடாது. பிறகு கோட்டின் கைக்குள் ஃபோன் ரோர்ச்சை விட்டு, நிழலான பக்கத்தில் தையலைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. தையல் உள்ள இடத்தைக் குழியாகப் பிடித்து அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, கீழே ரிஷூ ஒன்றை வைத்துப் பெருவிரலால் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். ரிஷூ காய்ந்தபடி இருந்தால் தையல் நல்லது.

லேபலில் 5,000, 10,000, 20,000 மில்லிமீற்றர் என்று இருக்கும். துணியின் மேல் அத்தனை உயர நீர்த்தம்பம் நின்றாலும் துணி தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அது தையலில்லாத துணித் துண்டில் எடுத்த அளவு. வள்ளத்தில் முழங்காலில் நிற்கும்போதும், வலைக் கயிறு தோளில் அழுத்தும்போதும் மழையைவிடப் பல மடங்கு அழுத்தம் விழும். 10,000க்குக் குறைந்தது உங்கள் தொழிலுக்குக் காணாது. ஐரோப்பிய தரக்குறியான ஈஎன் 343 இருந்தால் அதன் கீழே உள்ள மூன்று குறிகளையும் வாசியுங்கள். முதலாவது நீர் தாங்குவது, 1 முதல் 4 வரை, 4தான் மேல். இரண்டாவது வியர்வை ஆவி வெளியேறுவது. மூன்றாவது இடத்தில் ‘ஆர்’ இருந்தால் முழு உடுப்பையும் செயற்கை மழையில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். ‘எக்ஸ்’ இருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை. பலர் முதல் இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுக் கோட்டாக மழைக்கு நிற்குமா என்று சோதித்ததைச் சொல்வது மூன்றாவது குறிதான்.

களப்புத் தொழிலுக்கு என் தெரிவு, பொலியெஸ்டர் துணியில் பிவிசி பூசி, தையலுக்குப் பதிலாக வெப்பத்தால் பொருத்திய கோட்டும் தோள்பட்டி வைத்த காற்சட்டையும். பாரம்தான், வியர்க்கும்தான். ஆனால் மீன் செதிலும் உப்பும் அதை லேசில் கெடுக்காது. சிப்புக்கு மேலே இரட்டை மடிப்பு மூடி இருக்கவேண்டும். இறப்பர் பூசிய சிப் மட்டும் வாடைக்காற்றோடு வரும் மழைக்கு நிற்காது. சிப்பும் பொத்தானும் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், சாதாரண உலோகத்தை உப்பு அரித்துவிடும். கை நுனியில் உள்ளுக்குள் இன்னொரு இறுக்கமான கைப்பட்டி இல்லாவிட்டால், வலையைத் தூக்கும்போது தண்ணீர் முழங்கை வரை ஓடும்.

நிறம் செம்மஞ்சள் அல்லது மஞ்சள். நீலமும் பச்சையும் கறுப்பும் கடலில் தெரியாது. விழுந்தவரைத் தேடும்போது அந்த வித்தியாசம் உயிரின் வித்தியாசம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உயிர்காப்பு அங்கியைக் கோட்டுக்கு மேலேதான் போடவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துப் போடுங்கள். ஒரே மடிப்பில் மடித்து வைத்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மண்ணெண்ணெயால் துடைக்கவே கூடாது. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் பொருளை அது இழுத்துவிட, கோட்டு விறைத்து உடையும். கிழிந்தால் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன் பிவிசியில் நிற்காது. பிவிசிக்கென்று விற்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறேன். ஆவி வெளியேறும் விலை கூடிய ஜக்கெற் வாங்கினால் வியர்க்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: குளிர்நாட்டில் பெருமளவு உண்மை, இங்கே அவ்வளவுக்கு இல்லை. உடம்புப் பக்கத்தில் ஈரம் கூடவும் வெளியே குறையவும் இருந்தால்தான் ஆவி துணியைக் கடந்து போகும். நோர்வேயில் 5 பாகையில் வெளிக்காற்றில் இருக்கும் நீராவி மிகக் கொஞ்சம். கார்த்திகை மாதத்து யாழ்ப்பாணக் காற்று 26, 27 பாகையில் ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கும். ஆவியை வெளியே தள்ளும் வேகம் அங்கே உள்ளதில் பாதி அளவுக்குத்தான் வரும். அந்தக் காசை நல்ல தையலுக்கும் காற்றோட்டத்துக்கும் கொடுங்கள்: முதுகில் மடிப்புக்குக் கீழே காற்றுவாய், கக்கத்தில் சிப், உள்ளே வலைத்துணி.

மோட்டார் சைக்கிளில் முதலில் நனைவது இருக்கை படும் இடம். நான்கு தையல் அங்கே சந்திக்கும், தண்ணீரும் மடியில் தேங்கும். இருக்கைப் பக்கம் ஒரே துண்டாக வெட்டிய காற்சட்டையைத் தேடுங்கள். கடையில் நின்றபடி அளவு பார்க்காமல், கதிரையில் குந்தி இரண்டு கையையும் முன்னே நீட்டிப் பாருங்கள். கோட்டின் கை நான்கைந்து சென்ரிமீற்றர் மேலே ஏறும். வலது காலில் சைலன்சர் சூடு படும் இடத்தையும் கவனியுங்கள். விரிந்து பறக்கும் போர்வைக் கோட்டு வேண்டாம், சங்கிலியிலும் சில்லிலும் சிக்கும்.

கேள்வி: கனடா ஒன்ராறியோவில் இருக்கும் தம்பி மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் இங்கே விட்டுப்போன விலை கூடிய வேட்டை ஜக்கெற் எட்டு மாதம் அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் இருந்தது. இப்போது உள்பக்கம் ஒட்டுகிறது, புளித்த மணம் வருகிறது. கழுவினால் சரிவருமா? இனி வாங்குவதென்றால் அவர் எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: சரிவராது. தண்ணீரைத் தடுக்க உள்ளே பூசிய பொலியூரித்தேன் படலத்தை ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதைத்திருக்கின்றன. ஒட்டத் தொடங்கினால் திரும்பாது. அடுத்து செதில் செதிலாக உதிரும். நம் காலநிலையில் இத்தகைய உடுப்பை நன்றாகக் காயவிட்டு, பையில் கட்டாமல், காற்றுப் படும் இடத்தில் கொழுவி வைக்கவேண்டும்.

வெளித்துணி மட்டும் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, உள்பக்கம் நன்றாக இருந்திருந்தால் கதை வேறு. அது தண்ணீரை உருட்டிவிடும் மேற்பூச்சு தேய்ந்த குறி. துணி மென்மையாக்கி சேர்க்காமல் கழுவி, இருமுறை அலசி, லேபல் அனுமதித்தால் மேலே துணி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியால் இளஞ்சூடு காட்டினால் பெரும்பாலும் மீளும். மீளாவிட்டால் அதற்கான ஸ்பிரே இருக்கிறது.

புதியது வாங்கும் தம்பி முதலில் சத்தத்தைச் சோதிக்கட்டும். கையை உடம்போடு உரசினால் சரசரக்கும் நைலோன் மழைக்கு நல்லது, மானுக்கு மணி அடித்தது போல. மேலே பஞ்சுபோல் உராய்ந்த பின்னல் துணி, நடுவே மென்படலம், உள்ளே மெல்லிய துணி என்று மூன்று அடுக்கு ஒன்றாக ஒட்டியதை எடுக்கவேண்டும். மரத்தில் கட்டிய மேடையில் இருந்து வேட்டையாடுபவர் என்றால், முதுகில் பாதுகாப்புப் பட்டி வெளியே வர மூடியுள்ள துளை தேவை. அசையாமல் குந்தியிருப்பவருக்கு உள்ளே கம்பளி, பருத்தி வேண்டாம். மானின் கண்ணுக்குச் செம்மஞ்சள் எடுப்பாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். வெண்மை ஏற்றும் சவர்க்காரத் தூள் துணியை நீலமாக ஒளிரவைக்கும், அதனால் அதில் கழுவக்கூடாது. ஒன்ராறியோவில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் தனிச் செம்மஞ்சளும், செம்மஞ்சள் தொப்பியும் சட்டப்படி வேண்டும். உருமறைப்புக் கோலம் போட்ட செம்மஞ்சள் அந்த 400இல் சேராது.

கேள்வி: முதல் மழையிலேயே ஒழுகிய கோட்டைக் கடை திருப்பி எடுக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. அதனால் வாங்கும்போதே கேளுங்கள். லேபலை வெட்டி எறியாதீர்கள். ஒழுகும் தையலில் தண்ணீர் விட்டு வீடியோ எடுத்துக்கொண்டு முதலில் கடை முகாமையாளரிடம் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். புரட்டாதியில் வாங்கி மார்கழியில்தான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தால் அந்தக் காலம் கைநழுவிவிடக்கூடும். வாங்கிய அன்றே வீட்டுக் குழாயடியில் ஒருமுறை போட்டு நனைத்துப் பாருங்கள்.