நிலவறைக்குள் நால்வர்: வாசகர் கேள்வி - பதில்

கூட்டாக ஆடும் நிலவறைப் பலகை விளையாட்டுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பலகை விளையாட்டு என்றால் ஒருவர் வெல்வது, மற்றவர்கள் தோற்பது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் எல்லோரும் ஒரே அணி என்றால் எதிரிகளை நடத்துவது யார்? புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: எதிரிகளை விதிகளே நடத்துகின்றன. இந்த நிலைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1974-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், நிலவறையையும் அதில் பதுங்கியிருக்கும் அரக்கர்களையும் ஒருவர் தம் கற்பனையால் நடத்த, மற்றவர்கள் வீரர்களாக உள்ளே நுழைந்தார்கள். 1989-இல் வந்த ஹீரோகுவெஸ்ட் அந்த அனுபவத்தைப் பலகைக்கும் காய்களுக்கும் கொண்டுவந்தது என்றாலும், அதிலும் நான்கு வீரர்களுக்கு எதிராகத் தீய மந்திரவாதியின் இடத்தில் ஒருவர் அமர வேண்டியிருந்தது. 2005-இல் வெளியான டிசென்ட் விளையாட்டின் முதல் பதிப்பும் அப்படித்தான். 2010-இல் வந்த காசல் ரேவன்லாஃப்டில் அந்த நாற்காலி காலியாயிற்று. அதில் ஒவ்வோர் அரக்கனுக்கும் ஓர் அட்டை உண்டு. வீரர் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் தாக்கு, அடுத்த பலகைத் துண்டில் இருந்தால் நெருங்கித் தாக்கு, இரண்டும் இல்லையென்றால் மிக அருகிலுள்ள வீரரை நோக்கி நகர் என்பது போன்ற கட்டளைகள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து 2017-இல் வெளியான குளூம்ஹேவன், ஒவ்வொரு வகை அரக்கனுக்கும் எட்டுச் சீட்டுகள் கொண்ட தனிக் கட்டையே கொடுத்துவிட்டது. சுற்றுக்கு ஒரு சீட்டைத் திருப்பும்போதுதான் அந்த அரக்கர்கள் இம்முறை எவ்வளவு விரைவாக வருவார்கள், எத்தனை கட்டம் நகர்வார்கள், எப்படி அடிப்பார்கள் என்பது தெரியவரும்.

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2020-இல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயன். குளூம்ஹேவனின் 95 சாகசங்களுக்கு எதிரே இதில் 25 தான். வீரர்களும் நால்வர் மட்டுமே. சாகசப் புத்தகத்தின் பக்கமே பலகையாக விரிவதால் துண்டுகளைத் தேடிப் பொருத்தும் வேலை இல்லை. முதல் ஐந்து சாகசங்கள் விதிகளைப் படிப்படியாகக் கற்றுத்தருகின்றன.

கேள்வி: எங்கள் குழுவில் நால்வர் குளூம்ஹேவன் ஆடுகிறோம். விதிகளை நன்கறிந்த ஒருவர் எல்லோருடைய சீட்டுகளையும் எட்டிப் பார்த்து, "நீ இதைப் போடு, நீ அங்கே போய் நில்" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதனால் மறுக்க வாய் வரவில்லை. ஆடினோம் என்ற நிறைவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: வந்த கடிதங்களில் அதிகமானவை இதைத்தான் கேட்கின்றன. அவர் சொல்வது சரியாக இருப்பதால்தான் இது தீராத சிக்கலாகிறது. தவறாகச் சொல்பவரை இரண்டு தோல்விகளுக்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். சரியாகச் சொல்பவருக்கோ நாளடைவில் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். நால்வர் ஆட வேண்டிய ஆட்டத்தை ஒருவர் நான்கு காய்களை வைத்துத் தனியே ஆடிக்கொண்டிருக்க, மற்ற மூவரும் அவருக்காகக் காய் நகர்த்துகிறார்கள்.

வடிவமைத்தவர் இதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்திருக்கிறார். குளூம்ஹேவன் விதிப்படி, தேர்ந்தெடுத்த சீட்டின் பெயரையோ அதிலுள்ள எண்களையோ மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. "விரைவில் செயல்படுவேன்", "சுற்றின் கடைசியில்தான் வருவேன்", "கதவருகே நிற்பவனைத் தாக்க எண்ணியிருக்கிறேன்" என்ற அளவில் பேசலாம். பல குழுக்கள் இந்த விதியை வீண் கெடுபிடி என்று கருதி முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகின்றன. உங்கள் குழுவும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நண்பர் உங்கள் சீட்டுகளை எட்டிப் பார்க்கவே இடமிருந்திருக்காது.

அந்த விதி மேசையில் என்ன செய்கிறது என்பதை ஒரு சுற்றைக் கொண்டு பார்ப்போம். ஒவ்வொருவரும் இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒன்றின் மேற்பாதியையும் மற்றொன்றின் கீழ்ப்பாதியையும் பயன்படுத்த வேண்டும். அவற்றில் ஒரு சீட்டிலுள்ள எண் சுற்றின் வரிசையை முடிவு செய்கிறது. எண் சிறியதாக இருப்பவர் முந்துவார். மூன்று எலும்புக்கூடுகள் கதவருகே நெருக்கமாக நிற்பதைக் கண்ட மந்திரவாதி, மூன்றையும் ஒருசேரப் பொசுக்கும் நெருப்புச் சீட்டை 35 என்ற எண்ணோடு வைக்கிறார். சீட்டுகள் திரும்புகின்றன, எலும்புக்கூடுகளின் எண் 20. அவை முந்திக்கொண்டு சிதறுகின்றன. ஒன்று மந்திரவாதியின் எதிரிலேயே வந்து நிற்கிறது. போட்ட திட்டம் கலைந்துவிட்டது. இப்போது அவர் நெருப்பை ஒருவன்மேல் மட்டும் செலவிடலாம். கீழ்ப்பாதியை வைத்துப் பின்வாங்கலாம். அல்லது எந்தச் சீட்டின் மேற்பாதியையும் 2 வலிமையுள்ள சாதாரணத் தாக்குதலாகக் கொள்ளலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, நெருப்பைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று மிச்சம் வைக்கலாம். அந்த அரை நிமிடத்தில் மேசையைச் சுற்றியுள்ளவர்கள் பேசாமல் இருந்தால்தான் அவர் மந்திரவாதியாகிறார். இந்த விளையாட்டை நான் விரும்புவதே அந்த அரை நிமிடத்துக்காகத்தான்.

ஆகவே அந்த விதியை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். நண்பரையும் சும்மா உட்காரவைக்க வேண்டாம். அரக்கர்களின் சீட்டைத் திருப்புவது, அவை யாரைக் குறிவைக்கின்றன என்று விதிப்படி கணக்கிடுவது, அடி விழ விழக் குறையும் உயிர்ப்புள்ளிகளைக் குறிப்பது எல்லாம் நுணுக்கமான வேலை; விதிகளை அவரளவு அறிந்தவருக்கே பொருத்தமானது. ஆலோசனை சொல்வதிலும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம்: எங்கே ஆபத்து இருக்கிறது என்று யாரும் சுட்டிக்காட்டலாம், ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் சொல்ல வேண்டும். இதை ஆட்டத்தின் நடுவில் எல்லோர் முன்பும் சொல்லாமல் தனியே சொல்லுங்கள். அவர் ஆட்டத்தின்மேல் உள்ள ஆசையால்தான் முந்திக்கொள்கிறார். சில சாகசங்களில் நீங்கள் தோற்கவும் கூடும். பிறர் சொல்படி காய் நகர்த்திப் பெறும் வெற்றியைவிட அந்தத் தோல்விகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: குளூம்ஹேவனில் மூன்றாவது அறையை அடைவதற்குள் சீட்டுகள் தீர்ந்து ஒவ்வொருவராக வீழ்கிறோம். உயிர்ப்புள்ளிகள் பாதிக்குமேல் மிச்சமிருக்கின்றன. எங்கே பிழை செய்கிறோம்?

பதில்: உங்கள் இரண்டாவது வரியிலேயே விடை இருக்கிறது. உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கச் சீட்டு தீர்கிறது என்றால், அடி விழும்போதெல்லாம் கையிலிருந்து ஒரு சீட்டையோ பயன்படுத்திய குவியலிலிருந்து இரண்டையோ இழந்து அடியைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அல்லது, ஒருமுறை பயன்படுத்தினால் அந்தச் சாகசம் முடியும்வரை திரும்பாத வலிமையான சீட்டுகளை முதல் அறையிலேயே இறக்கிவிடுகிறீர்கள். இந்த விளையாட்டில் சீட்டுகளே உங்கள் காலம்.

பத்துச் சீட்டுகள் உள்ள வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுற்றுக்கு இரண்டாக ஐந்து சுற்றுகள் ஆடி, பயன்படுத்திய சீட்டுகளைத் திரும்ப எடுக்கும் குறும் ஓய்வில் ஒன்றை இழந்து, மிஞ்சிய ஒன்பதைக் கையில் எடுக்கிறார். அது நான்கு சுற்றுகளுக்கு வரும். பிறகு எட்டு, ஏழு என்று குறைந்துகொண்டே போய், வேறெந்த வகையிலும் சீட்டை இழக்காவிட்டால் மொத்தம் 25 சுற்றுகள் ஆடுவார். முதல் ஐந்து சுற்றுகளுக்குள் திரும்பாத சீட்டு ஒன்றை இறக்கிவிட்டால் அந்த 25 என்பது 21 ஆகிவிடும். அதே சீட்டைக் கையில் நான்கு மட்டும் எஞ்சியிருக்கும்போது இறக்கினால் இழப்பு ஒரே ஒரு சுற்றுதான். தாளில் எழுதி ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதன்பிறகு அந்தச் சீட்டுகளின்மேல் கை அவ்வளவு எளிதில் போகாது.

அதற்காகக் கடைசிவரை பதுக்கிவைக்கவும் வேண்டாம். ஒரே வீச்சில் இரண்டு அரக்கர்களை அவை செயல்படும் முன்பே வீழ்த்த முடியுமானால், நான்கு சுற்றுகளை விலையாகக் கொடுப்பதும் தகும். சிறிய அடிகளை உடம்பில் வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்ப்புள்ளிகள் செலவு செய்வதற்கென்றே தரப்பட்டவை. நீண்ட ஓய்வு அந்தச் சுற்றில் உங்கள் முறையை எடுத்துக்கொண்டாலும் 2 உயிர்ப்புள்ளிகளைத் திருப்பித் தருவதோடு, எந்தச் சீட்டை இழப்பது என்று தேர்ந்தெடுக்கவும் விடுகிறது. குறும் ஓய்வில் அது குருட்டுத் தேர்வு. கதவைத் திறப்பதிலும் நிதானம் தேவை: புதிதாகக் கண்ணில் படும் அரக்கர்கள் அதே சுற்றிலேயே செயல்படுவார்கள் என்பதால், பழைய அறையில் ஒருவன் உயிரோடு இருக்கையில் அடுத்த கதவைத் திறப்பது இருபுறமும் அடி வாங்குவதற்கான வழி. அதே வேளையில், அறை முழுதும் அமைதியான பிறகு அங்கேயே இரண்டு சுற்றுகள் சுற்றித் திரிவதும் சீட்டை வீணாக்குவதுதான்.

கேள்வி: என்னதான் திட்டமிட்டாலும் ஒரு சீட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டுதானே?

பதில்: இல்லை என்பதே என் உறுதியான கருத்து. குளூம்ஹேவனில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சீட்டைத் திருப்பி வலிமையைக் கூட்டியோ குறைத்தோ கொள்கிறோம். தொடக்கக் கட்டில் 20 சீட்டுகள்: மாற்றமில்லாதவை ஆறு, ஒன்று கூட்டுபவை ஐந்து, ஒன்று குறைப்பவை ஐந்து, இரண்டு கூட்டுவது ஒன்று, இரண்டு குறைப்பது ஒன்று, இருமடங்காக்குவது ஒன்று, தாக்குதலை அடியோடு வீணாக்குவது ஒன்று. மூன்று உயிர்ப்புள்ளி எஞ்சியவனை 3 வலிமையால் தாக்கினால், புதிதாகக் கலைத்த கட்டில் 20-க்கு 13 சீட்டுகள் அவனை வீழ்த்தும். வலிமை 4 என்றால் 18 சீட்டுகள் வீழ்த்தும். ஒரு புள்ளி கூடுதலாக வைத்துத் திட்டமிடுபவருக்கும் சரியாக அளந்து திட்டமிடுபவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். போகப்போக, வீரர் நிலை உயரும்போது மோசமான சீட்டுகளைக் கட்டிலிருந்து நீக்கவும் வழி உண்டு.

கேள்வி: நாங்கள் போரிட்டுக்கொண்டிருக்கையில் ஒரு தோழி மட்டும் சிதறிக் கிடக்கும் பொற்காசுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டு விளையாட்டில் இது முறையா?

பதில்: முறைதான். குளூம்ஹேவனில் காசை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள முடியாது. சாகசம் முடிந்ததும் தரையில் கிடப்பது யாருக்கும் இல்லை. தவிர, ஒவ்வொருவரிடமும் வெளியே சொல்லக் கூடாத சிறு இலக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் தோழியின் நடத்தைக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். பொதுநலனும் தன்னலமும் இப்படி உரசிக்கொள்வது கதைக்கு உயிரூட்டுகிறது என்று நான் கருதுகிறேன். கூலிக்குப் போரிடும் நான்கு வீரர்கள் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் காசுக்காக அவர் ஒதுங்கிய சுற்றில் இன்னொருவர் வீழ்ந்தால் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர் வாங்கும் நல்ல கவசம் அடுத்த சாகசத்தில் உங்களுக்கும் அரண் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த உரசலே பிடிக்கவில்லை என்றால் காசல் ரேவன்லாஃப்ட் உங்களுக்கு ஏற்றது. அதில் மீண்டெழும் வாய்ப்புகள் இரண்டே இரண்டு, அவையும் எல்லோருக்கும் பொது. அவை தீர்ந்தபின் ஒருவர் வீழ்ந்து எழ முடியாமற் போனால் அனைவருக்கும் தோல்வி. அங்கே யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

கேள்வி: எட்டு வயது மகளோடு ஆடத் தகுந்தது எது?

பதில்: ஜெர்ரி ஹாதார்ன் வடிவமைத்து 2012-இல் வெளியான மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ். எலிகளாக மாறிய இளவரசனும் துணைவர்களும் அரண்மனைக்குள்ளேயே சாகசம் செய்கிறார்கள். பாலாடைக்கட்டிதான் அவர்களுடைய ஆற்றல். கதைப்பகுதிகள் நீளமானவை என்பதால் நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். பகடை உருட்டுவதையும் எங்கே போவதென்று முடிவு செய்வதையும் மகளிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நால்வராகத் தொடங்கிய குளூம்ஹேவனில் இருவர் வேலை காரணமாக வெளியூர் போய்விட்டார்கள். இருவராகத் தொடரலாமா? தனியாகவும் ஆட முடியுமா?

பதில்: இரண்டும் முடியும். இரண்டு, மூன்று, நான்கு பேருக்கு எத்தனை அரக்கர்கள் என்று ஒவ்வொரு சாகசத்திலும் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பதால் இருவர் ஆட்டத்தில் குறை ஏதும் தெரியாது. தனியாக ஆடுபவர் குறைந்தது இரண்டு வீரர்களை நடத்த வேண்டும். இருவரின் சீட்டுகளையும் ஒருவரே அறிந்திருப்பதால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று, அரக்கர்களின் நிலையை ஒன்று கூட்டச் சொல்கிறது விதி. போன நண்பர்களின் வீரர்களை அவர்களுடைய சீட்டுகளோடு பெட்டியில் தனியே எடுத்து வையுங்கள். விடுமுறைக்கு வரும்போது விட்ட நிலையிலிருந்தே அவர்கள் சேர்ந்துகொள்ளலாம். சாகசத்தின் கடினம் வீரர்களின் சராசரி நிலையில் பாதி, பின்னம் வந்தால் அடுத்த முழு எண். நீங்கள் இருவரும் ஐந்தாம் நிலையில் இருந்தால் கடினம் 3. இரண்டாம் நிலையிலேயே நின்றுவிட்ட நண்பர் ஒருவர் சேர்ந்தால் சராசரி 4, கடினம் 2 ஆகிவிடும். எனவே பின்தங்கிவிட்டோம் என்று அவர் தயங்க வேண்டியதில்லை.