அரை லிட்டரும் அரைக் கிலோவும் ஒன்றல்ல: அரிப்புத் தோலுக்கு வீட்டுச் சோப்பு

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் தோல் வறண்டு அரிக்கிறது. கடைச் சோப்பு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், 90 கிராம் காஸ்டிக் சோடா, குப்பைமேனிச் சாறு, இரண்டு எலுமிச்சம்பழம், லாவெண்டர் எண்ணெய் என்று ஒரு செய்முறை கிடைத்தது. செய்யலாமா? கற்றாழையில் குளியல் ஜெல்லும் செய்ய ஆசை. நன்றாக வந்தால் விற்கவும் எண்ணம்.

பதில்: இந்தச் செய்முறையை அப்படியே செய்துவிடாதீர்கள். மூலிகையும் மணமும் கிடக்கட்டும், முதலில் கணக்கே தவறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அரைக் கிலோ எண்ணெய்க்கு 91 கிராமுக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் அரை லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 460 கிராம்தான்; அதற்கு 84 கிராம் போதும். நீங்கள் 90 கிராம் போட்டால், மிச்சமுள்ள 6 கிராம் காரம் சேர்வதற்கு எண்ணெய் கிடைக்காமல் கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கொண்டு குழந்தையின் வெடித்த தோலைத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே கரண்டி, டம்ளர், லிட்டர் எதுவும் வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் சோப்பு வேலையில் இறங்கக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்தாலும் சோப்பு சோப்புதான். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதில் 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ சுமார் 5. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு நன்றாக நுரைக்கும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் வேலை அது. வறண்ட தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் அதுவே துடைத்துவிடும். அதனால் தேங்காய் எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்கிட வேண்டும்.

நான் சொல்லும் அளவு இது: ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 68 கிராம், தண்ணீர் 140 கிராம். இதில் சுமார் 8 விழுக்காடு எண்ணெய் மிஞ்சும். ஓர் எண்ணெயை மாற்றினாலும் காரத்தின் அளவை மறுபடி கணக்கிட வேண்டும். ஆலிவ் விலை அதிகம் என்று கடலை எண்ணெய்க்குப் போக வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம், இண்டாலியம் இரண்டும் கூடாது. காரம் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையுறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மகள் பள்ளிக்குப் போன பிறகு செய்யுங்கள். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். அடைப்பெடுக்கும் பொடி வேறு, காஸ்டிக் சோடா வேறு. பொடியில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கலாம்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் கலந்து, தோசை மாவுப் பதம் வரும்வரை பிளெண்டரால் அடித்து அச்சில் ஊற்றுங்கள். இரண்டு நாளில் வெட்டலாம். அதன் பிறகு காற்றோட்டமான இடத்தில் 6 முதல் 8 வாரம் உலர வேண்டும். ஆலிவ் மிகுந்த சோப்புக்கு அவசரம் ஆகாது.

குப்பைமேனி, எலுமிச்சை, லாவெண்டர் மூன்றையும் விட்டுவிடுங்கள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட் ஆகிவிடும். நீங்கள் எதிர்பார்க்கும் எலுமிச்சை அங்கே இருக்காது. காரத்தில் விழுந்த பச்சிலைச் சாற்றில் நிறத்தைத் தவிர பெரிதாக எதுவும் மிஞ்சும் என்று நான் நம்பவில்லை. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுப் பட்டுப் பட்டு ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. ‘இயற்கை’ என்ற சொல் தோலுக்குத் தெரியாது.

கடலை மாவு, ஓட்ஸ், பால், கடலை எண்ணெய் போன்ற உணவுப் பொருள்களையும் தவிர்க்கச் சொல்வேன். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், பிறகு அதே உணவு சாப்பிடும்போது ஒவ்வாமை வரக்கூடும். ஜப்பானில் நீராற்பகுப்பு செய்த (சிறு துண்டுகளாக உடைத்த) கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய பலருக்கும் கோதுமை சாப்பிட்டால் ஒவ்வாமை வரத் தொடங்கியது. 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? அப்படியானால் கடைச் சோப்பு ஒத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளியின் ஓரத்தில் ஒட்டும் அதே வெள்ளைக் கசடாகத் தோலிலும் படியும். வீட்டுச் சோப்பும் இதற்குத் தப்பாது. கடைசி இரண்டு சொம்புக்கு மட்டுமாவது மழைநீரோ வடிகட்டிய நீரோ கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், மணமில்லாத ‘சின்டெட்’ கட்டி, அதாவது சோப்புக்குப் பதில் செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் ஆன குளியல் கட்டி, நல்லது. அது கடினநீரில் கசடு தராது, பி.எச். அளவும் தோலுக்கு நெருக்கமானது. சோப்புச் செய்யும் ஆசைக்கு எதிரான யோசனைதான், ஆனாலும் உங்கள் மகளுக்கு முதலில் அதைத்தான் வாங்குவேன்.

எந்தச் சோப்பானாலும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள். மற்ற இடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். ஈரம் காயும் முன் மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவுங்கள். உங்கள் சோப்பை முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தினமும் நுரைத்துக் கழுவி ஒரு வாரம் பாருங்கள், முதலில் உங்கள் கையில். தோல் கசிந்தாலோ மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ சோதனையே வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கற்றாழை ஜெல்லுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. தண்ணீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும். அதைத் தடுக்கச் சரியான பதப்படுத்தி தேவை. வைட்டமின் ஈ அந்த வேலையைச் செய்யாது. எண்ணெய் கெடாமல் காப்பது மட்டுமே அதன் பணி.

விற்பதற்கு, 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். உறையில் ‘அரிப்பைக் குணப்படுத்தும்’ என்று மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள். அப்படி எழுதினால் மருந்தென்று உரிமை கொண்டாடியதாகிவிடும், அதற்கான சட்டமும் உரிமமும் வேறு.