கம்போடியாவில் கடை போடலாமா? கேட்டவர்களும் என் பதிலும்

புனோம் பென்னில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு, வரி வேலை பார்க்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

உள்ளூர் பங்குதாரர் இல்லாமல் கம்பெனி தொடங்க முடியுமா? (திருச்சி)

முடியும். பெரும்பாலான தொழில்களில் முழுப் பங்கும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். குறைந்தபட்ச மூலதனம் 40 லட்சம் ரியல், அதாவது சுமார் 1,000 டாலர். 2020 முதல் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவானபின், ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் மாதாமாதம் வரிக் கணக்கு போட்டாக வேண்டும். "கடையே இன்னும் திறக்கலையே சார்" என்று ஒரு வருடம் கழித்து அபராதச் சீட்டோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். லாபத்துக்கு 20 சதவீத வரி, வாட் 10 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறை 'பேட்டன்ட் வரி' என்று ஒன்று வரும். பயப்படாதீர்கள், அது வெறும் தொழில் உரிம வரிதான்.

சின்ன உணவகம் தொடங்கப் போகிறேன் அண்ணா. வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (சிங்கப்பூர்)

நல்ல கேள்வி தம்பி. உணவு நன்றாக இருந்தும் மூடிய கடைகளில் பாதி இங்கேதான் சறுக்கின. கட்டட உரிமையாளர் தனிநபர் என்றால், வாடகையில் 10 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டியது உங்கள் கம்பெனி. உரிமையாளரோ, "எனக்கு 1,500 டாலர் கைக்கு வரணும், வரி உன் பாடு" என்பார். அப்படியானால் உங்கள் உண்மையான வாடகை 1,666 டாலருக்கு மேல். பேரம் பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தின் கெமர் (கம்போடிய மொழி) பிரதி. என் முதல் அலுவலக ஒப்பந்தத்தில் ஆங்கிலப் பக்கம் மூன்று வருடம் என்றது, கெமர் பக்கம் ஒரு வருடம் என்றது. கெமர்தான் செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பதினான்காவது மாதம் பெட்டி படுக்கையோடு நடைபாதையில் நின்றேன். மொழிபெயர்ப்பாளரை நீங்களே பிடியுங்கள், உரிமையாளரின் மச்சானை நம்பாதீர்கள்.

நிலம் வாங்கலாமா? (மதுரை)

வெளிநாட்டவர் பெயரில் நிலம் கிடையாது. அரசியலமைப்பே அதைத் தடுக்கிறது. கம்பெனி பெயரில் வாங்கினாலும் 51 சதவீதம் கம்போடியர் கையில் இருக்க வேண்டும். 2010 சட்டப்படி அடுக்குமாடி வீடு வாங்கலாம். அதுவும் தரைத்தளம் கிடையாது, ஒரு கட்டடத்தில் அதிகபட்சம் 70 சதவீதம்தான் வெளிநாட்டவருக்கு. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி ரகசியமாக ஒரு தாள் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவரை விட்டு விலகுங்கள். கடலோர நகரமான சிஹானுக்வில்லுக்குப் போய்ப் பாருங்கள் ஐயா: 2019இல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்ததும் சீன முதலீட்டாளர்கள் கிளம்பிவிட்டார்கள், கம்பி நீட்டிக்கொண்டு அரைகுறைக் கட்டடங்கள் நிற்கின்றன.

கூலி குறைவு என்கிறார்களே, பனியன் யூனிட்டை அங்கே மாற்றலாமா? (திருப்பூர்)

2025இல் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 208 டாலர், படிகள் தனி. துணியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. நூலும் சாயமும் பக்கத்துத் தெருவில் கிடைக்கும் ஊரை விட்டு வருவதற்கு வலுவான காரணம் வேண்டும். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய இருந்த வரிச்சலுகையிலும் ஒரு பகுதி 2020இல் போய்விட்டது. நானாக இருந்தால் மாற்ற மாட்டேன்.

டாலரோடு வரலாமா?

வரலாம், டாலர் எங்கும் செல்லும். ஆனால் ஓரத்தில் நூலளவு கிழிந்திருந்தாலும் காய்கறிக்காரி திருப்பித் தருவார். ஒரு டாலருக்குக் கீழ் சில்லறை ரியலில்தான் வரும்.

எந்த மாதம் வந்து பார்க்கலாம்?

ஏப்ரல் நடுவில் வேண்டாம். நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கும் புத்தாண்டு, ஊரே கிராமத்துக்குப் போய்விடும். நம் மகாளய பட்சத்தை ஒட்டி வரும் பச்சும் பென் என்ற முன்னோர் திருநாளிலும் அதே கதைதான், அலுவலகங்களில் பூட்டு தொங்கும். நவம்பர் கடைசியில் வாருங்கள், மழையும் ஓய்ந்திருக்கும்.