சைரன் ஒலிக்கும்போதும் லாரியை ஏற்றச் சொன்னால்?

கேள்வி: அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு தனியார் கிடங்கில் வேலை செய்கிறேன். ஷிஃப்டுக்கு நாற்பது பேர். போன வாரம் டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை சைரன் ஒலித்தது. சூப்பர்வைசரோ, "இந்த லாரியை முடித்துவிட்டுப் போங்கள்" என்றார். எங்கே ஒதுங்குவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: மறுப்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவசரகாலத் திட்டத்தைக் காட்டுங்கள் என்று மேலாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். டொர்னாடோவுக்கென்று மத்தியத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவிடம் தனி விதி கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த உயிராபத்து இல்லாத வேலையிடத்தைத் தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்குப் பொதுக் கடமை விதிக்கிறது. அவசரகாலத் திட்ட விதியும் இருக்கிறது; உங்களுடையதைப் போன்ற பெரும்பாலான கிடங்குகள் தீயணைப்பு விதிகள் வழியாக அதற்குள் வந்துவிடும். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் திட்டம் எழுத்தில் இருக்கவேண்டும், தொழிலாளி கேட்டால் பார்க்கக் கொடுக்கவேண்டும்.

ஏன் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? 2021 டிசம்பரில் இல்லினாயின் எட்வர்ட்ஸ்வில்லில் ஒரு பெரிய கிடங்கு டொர்னாடோவில் இடிந்து 6 பேர் இறந்தார்கள். அங்கே திட்டம் இருந்தது. அறிவிப்புக்கான மெகாஃபோன் பூட்டிய கூண்டுக்குள் இருந்தது. சிலர் ஒதுங்க வேண்டிய இடத்தை விட்டு வேறு பக்கக் கழிப்பறைக்குள் போயிருந்தார்கள். விசாரணை நடத்திய ஓஷா எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுத்தது, அபராதம் இல்லை. சம்பவத்துக்குப் பிறகு சட்டம் தரும் நியாயம் சில நேரம் அவ்வளவுதான்.

சரி, மறுப்பு. 1980இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற உரிமை இது, ஆனால் வாசல் குறுகியது. உயிராபத்து என்று நீங்கள் உண்மையாக நம்பவேண்டும். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார் என்றிருக்கவேண்டும். முடிந்தால் முதலாளியிடம் சரிசெய்யக் கேட்டிருக்கவேண்டும். ஓஷாவைக் கூப்பிட நேரம் இல்லாமல் இருக்கவேண்டும். சைரன் ஒலிக்கிற நேரம் இந்தக் கடைசி நிபந்தனைக்குப் பொருந்தும். ஆனாலும் கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அது சாலையிலும் ஆபத்து, வழக்கிலும் ஆபத்து. "உள்ளே ஒதுங்குகிறேன், எச்சரிக்கை முடிந்ததும் வந்து ஏற்றுகிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்பும் பொதுவாகச் சேரும். கைப்பேசியில் வந்த எச்சரிக்கையை, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதற்காகவே வேலையை விட்டு எடுத்தாலோ ஷிஃப்டைக் குறைத்தாலோ ஓஷாவிடம் பழிவாங்கல் புகார் கொடுக்க உங்களுக்கு 30 நாள்தான் இருக்கிறது. எச்.ஆர். பேசித் தீர்த்துவைக்கும் என்று காத்திருந்தே பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எச்.ஆரோடு பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நாள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.